நடு எழுத்தும் நெடுஞ்சொல்லும்



அகராதி என்பது ஒரே வாயில் உடைய மாளிகை. அவ்வாயில், சொல்லின் முதலெழுத்து. முதலெழுத்தை அறிந்தவன் உள்ளே நுழைந்து, இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து என்று கூடம் கூடமாகக் கடந்து, தான் தேடிய சொல்லைச் சென்று காணலாம். ஆனால், ஒரு சொல்லின் நடுவில் இன்னின்ன எழுத்துகள் வருகின்றன என்பதை மட்டும் அறிந்து, முதலும் தெரியாமல் முடிவும் தெரியாமல் நிற்பவனுக்கு அந்த மாளிகையில் நுழைய வழியில்லை. அவன் மதிலைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

அப்படி மதிலைச் சுற்றி வருபவனைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். குறித்த சில எழுத்துகளைத் தன்னகத்தே கொண்ட நீண்ட ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி? 'இது குறுக்கெழுத்துப் போட்டிக்காரர் கவலை, நமக்கென்ன?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 35 ஆண்டுகள் தமிழ்வழி வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த விளையாட்டில் தேர்ந்த மாணவன் எவனும் நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டு அஞ்சியதை நான் பார்த்ததில்லை. அந்த அச்சம் சிறியதன்று. கணக்கிலும் அறிவியலிலும் முன்னணியில் நின்ற பிள்ளைகள், கல்லூரியின் முதல் மாதத்தில், புத்தகத்தின் முதல் பக்கத்து நெடுஞ்சொற்களைக் கண்டு மருண்டு, படிப்பையே விட்டுவிட்டு ஊர் திரும்பியதை நான் அறிவேன்.

தொடங்குமுன் ஒரு சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் தமிழ் எழுத்தில் ஆங்கில எழுத்துகளின் பெயரை எழுதினால், 'பி' என்பதற்கு இரண்டு எழுத்துகள் உரிமை கொண்டாடும். 'டி' என்பதற்கும் இரண்டு. தொலைபேசியில் பெயர் சொல்லும் முதியவர்கள் கையாளும் வழியையே நானும் கையாளுகிறேன். பம்பாய் பி, பூனா பி. டில்லி டி, திருச்சி டி. பம்பாய் 1995-இல் மும்பை ஆகிவிட்டது. ஆனாலும் தொலைபேசியில் அந்நகரம் தன் பழைய எழுத்தை இன்னும் இழக்கவில்லை!

இவ்விளையாட்டிற்குப் பெயர் பெற்ற முன்னோர் ஒருவர் உண்டு. ஆலிஸ் என்னும் சிறுமியின் அற்புத உலகக் கதையை எழுதிய லூயிஸ் கரோலை நீங்கள் அறிவீர்கள். அது புனைபெயர். அவருடைய இயற்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். 1832-இல் பிறந்து 1898-இல் மறைந்தவர். ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1880-களின் தொடக்கத்தில் 'மிஷ்மாஷ்' என்ற பெயரில் அவர் ஒரு சொல் விளையாட்டை வெளியிட்டார். ஒருவர் இரண்டு அல்லது அவற்றிற்கு மேற்பட்ட எழுத்துகளைக் கொடுப்பார். அவ்வெழுத்துக் கூட்டத்திற்குக் கரோல் வைத்த பெயர் 'நியூக்ளியஸ்'. நாம் அதைக் 'கரு' என்று சொல்வோம். அந்தக் கரு சிதையாமலும் வரிசை மாறாமலும் தன்னுள் அமைந்திருக்கும் ஒரு சொல்லை மற்றவர் சொல்ல வேண்டும். ஜி-யும் பூனா பி-யும் கருவானால், மேக்பை என்னும் பறவையின் பெயர் விடை. இ-எம்-ஓ என்பது கருவானால், லெமன் விடை. ஐ-எம்-எஸ்-இ என்றால் ஹிம்செல்ப். இம்மூன்றும் கரோல் தாமே தந்த எடுத்துக்காட்டுகள்.

அவர் விதித்த நிபந்தனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. விடையாகச் சொல்லும் சொல், மக்கள் வழக்கில் அறியப்பட்ட சொல்லாக இருக்க வேண்டும். ஆள்பெயர், ஊர்ப்பெயர் செல்லா. அகராதியின் இருண்ட மூலையிலிருந்து யாரும் அறியாத ஒன்றை இழுத்து வந்து, 'இதோ, சொல்!' என்று எதிராளியை மிரட்ட முடியாது. விளையாட்டு வித்தகனுக்கு மட்டும் உரியதாகாமல் பள்ளிப் பிள்ளைக்கும் உரியதாவதற்கு இந்த ஒரு விதியே காரணம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நான் இதை வகுப்பிற்குக் கொண்டுவருவேன். கரும்பலகையில் கருவை எழுதி வட்டமிடுவேன். அகராதியைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஒருநாள் நான் கொடுத்த கரு, ஆர்-எஸ்-டி-யூ. அதாவது, ஆங்கில நெடுங்கணக்கில் அடுத்தடுத்து நிற்கும் நான்கு எழுத்துகள். டி என்பது இங்கே திருச்சி டி. இந்நான்கும் அதே வரிசையில் இடையறாமல் வரும் சொல் எது? வகுப்பில் ஆங்கிலத்தில் வல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்கள், தாங்கள் மனப்பாடம் செய்த சொற்களை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கொலுசு இல்லாமல் வெறுங்கயிற்றால் தேடுவது போன்ற வேலை அது.

கடைசி வரிசையில் ஒரு பையன். உழவர் வீட்டுப் பிள்ளை. ஆங்கிலம் வாசிக்க எழுந்து நின்றால் அவன் குரலே வெளியில் வராது. அவன் மெல்ல எழுந்து, "ஐயா, சுண்ணக்கட்டியைக் கொடுங்கள்" என்றான். பலகைக்கு வந்து, ஆர் என்னும் எழுத்துக்கும் எஸ் என்னும் எழுத்துக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தான். "இந்த இடத்தில்தான் ஒட்டு இருக்கிறது, ஐயா. கோட்டுக்கு முன்னால் அண்டர், பின்னால் ஸ்டடி" என்றான். சற்றுத் தயங்கி, "அப்படி ஒரு சொல் உண்டா, ஐயா?" என்று கேட்டான்.

அகராதியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அண்டர்ஸ்டடி இருந்தது. நாடகத்தில் ஒரு நடிகர் வர இயலாதபோது அவருக்குப் பதிலாக நடிப்பதற்கென்று அந்தப் பாத்திரத்தைப் பாடம் செய்து வைத்திருப்பவர் என்று பொருளும் இருந்தது. தான் கேட்டறியாத ஒரு சொல்லைத் தானே கட்டி, அது உலகத்தில் ஏற்கனவே இருப்பதையும் அவன் கண்டுகொண்டான். அன்று அவன் முகத்தில் கண்ட ஒளியை அவனுடைய தேர்வு மதிப்பெண் எதிலும் நான் கண்டதில்லை.

அவன் செய்தது என்ன? எழுத்துகளைச் சொல்லாகப் பார்க்கவில்லை, மூட்டாகப் பார்த்தான். தச்சன் ஒரு நாற்காலியைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அதன் அழகா? எந்தக் கட்டை எந்தக் கட்டையில் இறங்கியிருக்கிறது என்பதன்றோ! ஒரு தனிச் சொல்லில் சேர்ந்து வாழ மாட்டாத எழுத்துகள் அருகருகே நின்றால், அங்கே இரண்டு சொற்கள் சந்திக்கின்றன என்று ஐயுறுங்கள். டபிள்யூ-கே-டபிள்யூ என்ற கருவை எடுத்துக்கொள்ளுங்கள். இம்மூன்றும் எப்படி ஒன்று சேரும் என்று வியப்பாக இருக்கும். ஆனால் ஆக்வர்ட் என்ற சொல்லை நீங்கள் நாள்தோறும் கேட்கிறீர்கள். பார்வர்ட், பேக்வர்ட் என்பவற்றில் வரும் வர்ட், திசையைக் குறிப்பது. ஆக் என்பது இன்று வழக்கொழிந்த சொல். தவறான பக்கம் என்று பொருள். தவறான பக்கமாகத் திரும்பியது எதுவோ அது ஆக்வர்ட். இடையில் கோடு கிழித்தவுடன் எழுத்துக்கூட்டலும் பிழையாகாது, பொருளும் மறக்காது.

கேட்ச்பிரேஸ் என்னும் சொல்லில் திருச்சி டி, சி, எச், பூனா பி, எச், ஆர் என்று ஆறு மெய்யெழுத்துகள் ஓர் உயிர்கூட இடையில் இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. கேட்ச் என்பது முடிந்து பிரேஸ் என்பது தொடங்கும் இடம் அது. லைட்ஹவுஸ் என்பதில் ஜி-எச்-டி-எச் என்று வருவதும் அவ்வாறே.

இங்கே தமிழ் மாணவனுக்கு ஒரு நற்பேறு உண்டு. பகுபத உறுப்பிலக்கணமும் புணர்ச்சி விதியும் கற்றவன் அவன். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆகும் என்பதைப் பிரித்து எழுதிப் பழகியவன். ஆங்கிலத்தின் தாய்வழிச் சொற்கள் சேரும்போது பெரும்பாலும் இத்தகைய மாறுதல் இல்லை, பக்கத்து வீட்டார் போல ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவே. ஆனால் இலத்தீனிலிருந்து வந்த முன்னொட்டுகள் நம் நிலைமொழியைப் போலவே வருமொழிக்கு ஏற்ப உருமாறும். எதிர்மறை காட்டும் இன் என்பது லீகல் என்பதன்முன் இல் ஆகும். பாசிபிள் என்பதன்முன் இம் ஆகும். ரெகுலர் என்பதன்முன் இர் ஆகும். இல்லீகல் என்பதில் எல் ஏன் இரட்டித்தது என்று ஆங்கிலவழி மாணவன் மனப்பாடம் செய்வான்; தமிழிலக்கணம் படித்தவன் 'புணர்ச்சி' என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

சில கருக்கள் மூட்டைக் காட்டுவதில்லை. பிறந்த ஊரைக் காட்டுகின்றன. பூனா பி, எச், திருச்சி டி, எச் என்ற நான்கையும் சேர்த்துக் கொடுத்தேன் ஒருமுறை. வாய்க்கே வராத இந்தக் கூட்டம் எந்தச் சொல்லில் வரும்? வீட்டில் துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையில் வரும்! அது நாப்தலீன். தொண்டை அடைப்பான் நோயாகிய டிப்தீரியாவிலும், கண் மருத்துவத்தைக் குறிக்கும் ஆப்தால்மாலஜியிலும், ஒலியியலில் நாம் படிக்கும் டிப்தாங் என்ற சொல்லிலும் இதே கூட்டம் இருக்கிறது. விடைத்தாள்களில் இச்சொற்கள் ஒவ்வொன்றிலும் முதல் எச் காணாமற்போவது வழக்கம். நான்கும் கிரேக்கத்தின் வழியே வந்தவை என்றும், கிரேக்கத்தின் இரண்டு எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் இரண்டிரண்டாக நான்கு எழுத்துகள் வேண்டியிருக்கின்றன என்றும் ஒருமுறை சொல்லிவிட்டால், அந்த எச் பிறகு தொலைவதில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஓயாமல் ஓதிய விதி ஒன்று உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல். அதற்கு நான் கண்ட சிறந்த வாகனம் விலங்குக் காட்சிசாலை. பூனா பி-ஓ-திருச்சி டி-ஏ-எம் என்ற கருவைக் கொடுத்தால், சிறு வகுப்புப் பிள்ளையும் ஹிப்போபொட்டாமஸ் என்று நீர்யானையைச் சொல்லிவிடும். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை; பொட்டமோஸ் என்றால் ஆறு. நாம் யானை என்றதை அவர்கள் ஆற்றுக்குதிரை என்றார்கள். சரி, அதே கரு வரலாற்றுப் பாடத்தில் எங்கே வருகிறது? யூப்ரடீஸ், டைகிரிஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நாடாகிய மெசொபொட்டேமியாவில் வருகிறது. இடப்பெயராகையால் கரோலின் விளையாட்டில் அது செல்லாது. என் வகுப்பில் செல்லும்.

காண்டாமிருகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரைனோஸெரஸ் என்பதில் ரைனோ என்றால் மூக்கு, பின்பகுதி கொம்பு. மூக்கில் கொம்புடையது. மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு முழுப்பெயர் ஓட்டோரைனோலாரிங்காலஜி. 19 எழுத்துகள். ஓட்டோ காது; ரைனோ நம் காண்டாமிருகத்தின் மூக்கேதான்; லாரிங் குரல்வளை; லஜி என்பது துறை. எண்ணிப் பார்த்தால் 19 எழுத்துகள். பிரித்துப் பார்த்தால் நான்கே துண்டுகள்.

ஆயினும், ஒரே எழுத்துக் கூட்டம் எங்கெங்கு வருகிறதோ அங்கெல்லாம் உறவு இருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. பூனா பி-திருச்சி டி-இ-ஆர் என்ற கரு சாப்டர் என்ற சொல்லிலும் இருக்கிறது, ஹெலிகாப்டரிலும் இருக்கிறது. சாப்டர் என்பது 'சிறு தலை' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழியே வந்தது. நம் 'தலைப்பு' போல. ஹெலிகாப்டரிலோ, அந்நான்கு எழுத்துகள் சிறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் எச்சம். ஹெலிகோ என்றால் திருகு; திருகுபோல் சுழலும் சிறகுடையது. உண்மையான மூட்டு அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலேயரே அதை ஹெலி, காப்டர் என்று தவறான இடத்தில் வெட்டி, அந்த ஹெலியோடு போர்ட் என்பதைச் சேர்த்து ஹெலிபோர்ட் என்று புதுச்சொல்லும் படைத்துவிட்டார்கள். தவறாகப் பிரித்தாலும் மொழி பிழைத்துக்கொள்ளும் போலும்!

என் பழைய மாணவி ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்தவள், செவிலியர் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் மூன்று வாரத்தில், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதினாள். பாடம் அவளுக்குக் கடினமாக இல்லை. நோய்களின் பெயர்களே மலைபோல் நின்றன. நான் நீண்ட அறிவுரை எழுதவில்லை. "ஐ-டி-ஐ-எஸ் என்று முடியும் பெயர்களை ஒரு பக்கத்தில் எழுது. இ-சி-டி-ஓ-எம்-வை என்று முடிபவற்றை மறுபக்கத்தில் எழுது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நினைவிருக்கிறதா?" என்று மட்டும் எழுதினேன். டான்சிலைடிஸ், ஆர்த்ரைடிஸ், நெப்ரைடிஸ் என்று ஒரு பக்கம் அழற்சி நோய்கள். டான்சிலெக்டமி, அப்பெண்டெக்டமி என்று மறுபக்கம் வெட்டி எடுக்கும் அறுவைகள். அடுத்த கடிதத்தில் தன் குறிப்பேட்டில் துண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருந்தாள். ஊர் திரும்பும் பேச்சு அதில் இல்லை.

இதுவரை எழுத்துகள் சேர்ந்து நிற்கும் கருவைப் பற்றிச் சொன்னேன். எழுத்துகள் சிதறி, எவ்விடத்தில் வேண்டுமானாலும் வரலாம் என்றால் தேடும் முறை வேறு. கொடுத்த எழுத்துகளில் அரியது எதுவோ அதைப் பிடிக்க வேண்டும். எளிய எழுத்து எங்கும் இருக்கும். அதைப் பின்தொடர்ந்து பயனில்லை.

எது எளியது, எது அரியது என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. மோர்ஸ் தந்திக் குறிகளை அமைத்த காலத்தில், அச்சுக்கூடத்துப் பெட்டிகளில் எந்த எழுத்துக்கு எத்தனை அச்சு வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு எடுக்கப்பட்டது. 12,000 இ எழுத்துக்கு 200 இசட் எழுத்துகளே இருந்தன. ஆகவேதான் தந்தியில் இ என்பதற்கு ஒரே ஒரு புள்ளி. திருச்சி டி-க்கு ஒரே ஒரு கோடு. பிற்காலத்தில், 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்த ஆல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணி, ஒரு பலகை விளையாட்டை அமைத்தார். 1948-இல் அதற்கு ஸ்கிராபிள் என்ற பெயர் வாய்த்தது. அதன் 100 வில்லைகளில் இ என்ற எழுத்துக்கு 12 வில்லைகள், மதிப்பு ஒன்றே. க்யூ-வும் இசட்-டும் ஒவ்வொன்றுதான், மதிப்பு பத்து. எஸ் என்பது ஆங்கிலத்தில் மிகுதியாக வருவதாயினும் அதற்கு நான்கே வில்லைகள். எந்தப் பெயரின் பின்னும் எஸ் ஒட்டிப் பன்மையாக்கி எளிதில் வென்றுவிடுவார்கள் அல்லவா?

ஜே, எக்ஸ், ஓ, திருச்சி டி ஆகியவை உள்ள நீண்ட சொல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓ-வையும் டி-யையும் மறந்துவிடுங்கள். ஜே-யும் எக்ஸ்-உம் ஒரே சொல்லில் கூடுவது அரிது. அருகில் என்று பொருள்படும் ஜக்ஸ்டா என்னும் இலத்தீன் சொல் நினைவுக்கு வந்தால் போதும். பொசிஷன் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். ஜக்ஸ்டபொசிஷன், 13 எழுத்துகள், இரண்டை அருகருகே வைத்தல் என்று பொருள். நீளம் எங்கிருந்து வந்தது பார்த்தீர்களா? அரிய எழுத்துகள் முன்துண்டைத் தந்தன. நீளத்தைத் தந்தது எல்லாருக்கும் தெரிந்த பின்துண்டு.

ஐந்து உயிரெழுத்துகளும் உள்ள சொல்லைக் கேட்டால் எஜுகேஷன் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற வரிசையும் மாறக் கூடாது என்றால் பெசீஷியஸ் என்பதும், அப்ஸ்டீமியஸ் என்பதும் விடை. முன்னது, விளையாட்டாகப் பேசுகிற இயல்பு. பின்னது, உண்பதிலும் குடிப்பதிலும் அடக்கமுடைமை. இவை வேடிக்கைக்கு உதவும். வேறொன்றுக்கும் உதவுவதாக எனக்குத் தோன்றவில்லை.

வேடிக்கை என்றவுடன், உலகிலேயே நீண்ட ஆங்கிலச் சொல் எது என்று கேட்கத் துடிப்பவர்களின் முகம் எனக்குத் தெரிகிறது. 45 எழுத்துகள் கொண்ட ஒரு நோய்ப்பெயர் அகராதிகளில் இருக்கிறது. நுமோனோ என்று தொடங்கிக் கோனியோசிஸ் என்று முடியும். நுரையீரல், மிகை, நுண்ணிய, சிலிகா, எரிமலை, தூள்நோய் என்று துண்டு துண்டாகக் கோத்தது. அதைக் கட்டியவர், அமெரிக்க நாட்டுப் புதிர் ஆர்வலர் கழகத்தின் தலைவராயிருந்த எவரெட் ஸ்மித், ஆண்டு 1935. நீளத்திற்காகவே கட்டிய சொல் அது. மருத்துவர் சிலிகோசிஸ் என்ற சிறு பெயரோடு நிறுத்திக்கொள்வார். கல்லுடைப்போரின் மூச்சை அடைக்கும் நோயை, எழுத்து எண்ணி விளையாடுவதற்கு ஒருவர் எடுத்துக்கொண்டது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை.

ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மெண்டேரியனிசம் அவ்வாறன்று. அதன் 28 எழுத்துகளுக்குள் ஓர் அரசியல் வரலாறே அடங்கியிருக்கிறது. எஸ்டாப்ளிஷ் என்றால் நிறுவுதல். இங்கே, ஒரு திருச்சபையை அரசின் சபையாக நிறுவுதல். டிஸ் சேர்ந்தால் அந்நிலையை நீக்குதல். ஆன்ட்டி சேர்ந்தால் அந்த நீக்கத்தை எதிர்த்தல். 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அயர்லாந்துத் திருச்சபை அந்நிலையை 1871-இல் இழந்தது. வேல்ஸ் நாட்டில் 1920-இல் நேர்ந்தது. இவற்றை எதிர்த்தவர்களின் கொள்கைக்கு இப்பெயர் பொருந்தும். நடுவிலுள்ள எஸ்டாப்ளிஷ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் நடந்து சென்றால் இந்த நெடுஞ்சொல்லை யாரும் கடந்துவிடலாம்.

மாளிகைக்கு ஒரே வாயில் என்று முதலில் சொன்னேன். வேறு வாயில் அமைத்தவர்களும் உண்டு. ஜான் வாக்கர் என்பவர் 1775-இல், சொற்களை அவற்றின் ஈற்றெழுத்துகளின் வரிசையில் அடுக்கி ஓர் ஆங்கில அகராதி செய்தார். லஜி என்று முடியும் சொற்களெல்லாம் அதில் ஒரே இடத்தில் கூடி நிற்கும். நம்மவர்க்கும் இது புதிதன்று. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி, சொற்களை எதுகை நோக்கி, அதாவது இரண்டாம் எழுத்தின் வரிசையில் அடுக்கியிருக்கிறது. செய்யுள் செய்வானுக்கு வேண்டியது இரண்டாம் எழுத்துதானே! வீரமாமுனிவர் 1732-இல் செய்த சதுரகராதியிலும் பெயர், பொருள், தொகை என்ற மூன்றோடு தொடை என்று நான்காவது பகுதி ஒன்று உண்டு. தேடுவோன் எந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருவான் என்று எண்ணிப் பார்த்து வாயில் அமைத்தவர்கள் இவர்கள்.

இன்று கணிப்பொறி மதிலையே எடுத்துவிட்டது. நடு எழுத்துகளைக் கொடுத்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் நூறு சொற்களைக் கைப்பேசியின் திரையில் கொட்டிவிடுகிறது. அது செய்யும் தந்திரங்களில் ஒன்று எனக்கு மிகவும் உவப்பானது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படி கலைத்து அடுக்கி, அதையே அச்சொல்லின் அடையாளமாக வைத்துக்கொள்கிறது. லிசன் என்ற சொல்லின் எழுத்துகளை அடுக்கினால் இ-ஐ-எல்-என்-எஸ்-டி. சைலன்ட் என்பதை அடுக்கினாலும் அதுவே. கேள் என்பதும் மௌனம் என்பதும் ஒரே அறையில் வந்து நிற்கின்றன. வகுப்பாசிரியன் ஒருவனுக்கு இதைவிட இன்பமான செய்தி வேறென்ன இருக்கிறது?

பொறியைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் பத்து நிமிடம் உங்கள் கையால் கோடு கிழித்துப் பாருங்கள். பிறகு பொறியைக் கேளுங்கள். அது தரும் பட்டியலில் எந்தச் சொல் எங்கே மூட்டப்பட்டிருக்கிறது என்பதை அது உங்களுக்குச் சொல்லாது. கோடு கிழித்த கைக்குத் தெரியும்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிகிறது. மூன்று கருக்களைத் தருகிறேன்; தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, எச்-க்யூ; இரண்டே எழுத்துகள்; சொல்லோ பத்தெழுத்து; குஜராத்தில் 2001-இல் நேர்ந்த பேரிடரை நினைத்தால் விடை வரும். இரண்டாவது, எஸ்-எஸ்-டபிள்யூ, இதற்கு விடை ஒன்றுக்கு மேல் உண்டு, அவற்றுள் ஒன்றை நான் இந்தப் பேச்சின் தொடக்கத்திலேயே தமிழில் சொல்லிவிட்டேன். மூன்றாவது, ஆர்-ஆர்-எச், இதில் மருத்துவ மாணவர்கள் முந்திக்கொள்வார்கள், மற்றவர்கள் சளி பிடித்திருக்கும்போது யோசித்துப் பாருங்கள்.